கடலுக்குக் குழாய் வேண்டாம் என்ற ஊர்

கலிபோர்னியாவின் வடகோடியில் ஆர்க்கேட்டா என்றொரு சிற்றூர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 450 கிலோமீட்டர். ஒரு பக்கம் வானுயர்ந்த ரெட்வுட் காடுகள், மறுபக்கம் காயல். 1970-களில் அதன் மக்கள்தொகை பதினைந்தாயிரத்தை எட்டவில்லை. அந்த ஊர் தன் சாக்கடை நீரை எங்கே விடுவது என்ற ஒரே கேள்விக்காக மாநில அரசோடும் அக்கம்பக்கத்து ஊர்களோடும் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றது. வட்டாரத்துக்கே பொதுவாக ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, காயலுக்கு அடியில் குழாய் பதித்து, எல்லாக் கழிவுநீரையும் கொண்டுபோய்க் கடலில் விடுவது அரசு காட்டிய வழி. ஊர் காட்டிய வழியோ, மூடிய குப்பைமேட்டின் ஓரத்தில் கோரை வளர்ப்பது. கடைசியில் கோரைதான் வென்றது. அது எப்படி வென்றது, வென்ற பிறகும் அந்த வேலை ஏன் ஓயவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் காயலின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஹம்போல்ட் காயல் கலிபோர்னியாவின் இயற்கையான காயல்களிலும் விரிகுடாக்களிலும் சான் பிரான்சிஸ்கோவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு மணல்திட்டுகள் நீண்டு, பசிபிக் பெருங்கடலை வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய முகத்துவாரம் வழியாகத்தான் கடல் உள்ளே வந்து போகும். ஏற்றத்தின்போது அது ஒரு பெரிய ஏரி. வற்றத்தின்போது அதன் வடபாதியில் பெரும்பகுதி சேற்றுவெளி. நடுவே கால்வாய்கள் மட்டும் மின்னும். அந்தச் சேற்றில் கடற்புல் அடர்ந்து வளர்கிறது. அலாஸ்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே வலசை போகும் பிராண்ட் வாத்துகள் அதைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளவே இங்கே இறங்குகின்றன. உள்ளான்களும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. கலிபோர்னியாவில் வளர்க்கப்படும் சிப்பிகளில் பெரும்பங்கு இந்த ஒரு காயலில் விளைகிறது.

நீர் உள்ளே வந்தால் உடனே வெளியேறிவிடாது என்பதே காயலின் வளத்துக்குக் காரணம். அதன் ஆபத்துக்கும் அதுவேதான் காரணம். திறந்த கடலில் விட்ட அழுக்கு கரைந்து விலகிப் போகும். காயலின் மேல்கோடியில் விட்ட அழுக்கு, ஏற்றமும் வற்றமும் மாறி மாறி அலைக்கழிக்க, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆர்க்கேட்டா இருப்பது அந்த மேல்கோடியில்தான்.

காயலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் வியோட் மக்கள். 1850-இல் தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் வடகரையில் யூனியன் என்ற பெயரில் ஊர் அமைத்தார்கள். உள்நாட்டுச் சுரங்கங்களுக்குச் சரக்கு அனுப்பும் சந்தை அது. ஆழமில்லாத சேற்றில் கப்பல் கரையை அணுக முடியாது என்பதால், 1850-களின் நடுவில் காயலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு மரப்பாலம் கட்டினார்கள். 1860 பிப்ரவரியில் காயலின் நடுவிலுள்ள துலுவாட் தீவில் ஆண்டு விழாவுக்காகக் கூடியிருந்த வியோட் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் குடியேறிகளின் கும்பலொன்று இரவில் புகுந்து வெட்டிக் கொன்றது. அப்போது யூனியனின் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான பிரெட் ஹார்ட், அந்தக் கொலையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். சில வாரங்களில் அவர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அதே ஆண்டில்தான் ஊரின் பெயர் ஆர்க்கேட்டா ஆனது. துலுவாட் தீவு வியோட் மக்களின் கைக்கு முழுமையாகத் திரும்பியது 2019-இல். இடையில் அங்கே இயங்கிய படகு பழுதுபார்க்கும் தளம் விட்டுப்போன நச்சுக்கழிவை அகற்றும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

ஊர் வளர்ந்ததும் காயல் சுருங்கியது. 1880-களிலிருந்து கரையோர உப்புச் சதுப்புகளைச் சுற்றி மண்ணணை போட்டு, நீரை வடித்து, மாடு மேயும் புல்வெளியாக்கினார்கள். ரயில்பாதையின் கரையும் அந்த அணைக்குத் துணைபோனது. பத்தில் ஒன்பது பங்கு உப்புச் சதுப்பு இப்படிப் போய்விட்டது. மிச்சக் கரையில் மரம் அறுக்கும் ஆலைகள் வந்தன. ரெட்வுட் தடிகளைக் குளங்களில் மிதக்கவிட்டார்கள்; தரையில் மலைபோல அடுக்கினார்கள். பட்டையும் மரத்தூளும் சேற்றில் படிந்தன. 1960-களில் அதே கரையில் நகராட்சி குப்பை கொட்டத் தொடங்கியது. யாருக்கும் வேண்டாத எல்லாவற்றுக்கும் போக்கிடமாக நீர்முகப்பு மாறியிருந்தது.

சாக்கடையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 1949 வரை சுத்திகரிப்பு என்ற பேச்சே இல்லை; வீட்டுக் கழிவு அப்படியே காயலில் விழுந்தது. அந்த ஆண்டில் முதல்நிலைச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். குப்பையை வடிகட்டி, கனமான கசடை அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் நீரை விடுவது. 1957-இல் சுமார் 55 ஏக்கரில் ஆக்சிஜனேற்றக் குளங்கள் வெட்டினார்கள். 1966-இல் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்த்தார்கள். அந்தக் குளோரின் மீனையும் கொல்லும் என்பதால், 1975-இல் அதை முறிக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்த்தார்கள். ஒரு காலத்தின் பிழையை அடுத்த காலம் திருத்த, அந்தத் திருத்தத்தின் பிழையை அதற்கடுத்த காலம் திருத்தியிருக்கிறது. ஏறக்குறைய எல்லா நகரங்களின் கழிவுநீர் வரலாறும் இப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றக் குளம் எளிமையான ஏற்பாடு. அகலமான, ஆழம் குறைந்த குளத்தில் நீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். வெயில் பட்டுப் பாசி வளரும். பாசி ஆக்சிஜனை வெளிவிடும். அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். பம்பு வேண்டாம், மின்சாரச் செலவு சொற்பம். ஆனால் கடைசியில் வெளியேறும் நீர் பச்சை நிறத்தில் இருக்கும். அழுக்கு போய்விட்டது, அழுக்கைப் போக்கிய பாசி நீரிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாசி காயலில் போய்ச் செத்து அழுகினால் மறுபடி ஆக்சிஜனை உறிஞ்சும். ஆர்க்கேட்டாவின் குளங்களுக்கும் இதே குறைதான் இருந்தது. பின்னால் வந்த கோரைக்காடு தீர்த்துவைத்த முதல் சிக்கலும் இதுவே.

1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஊர்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசே தரும். கலிபோர்னியா மாநிலம் இன்னும் 12.5 விழுக்காடு போடும். ஊரின் பங்கு மீதி 12.5 மட்டும். கட்டுவதற்கு இவ்வளவு பணம் கிடைக்கும்போது பெரிதாகக் கட்டுவதே இலாபம் என்று தோன்றுவது இயல்பு. கட்டிய பிறகு ஆண்டுதோறும் ஆகும் மின்சாரம், ஆள், பழுது ஆகியவற்றின் செலவு ஊரின் தலையில்தான் விழும் என்பது திட்ட அறிக்கைகளில் பின்பக்கங்களுக்குப் போய்விடும். 1974-இல் மாநில நீர்வள வாரியம் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. காயல்களிலும் விரிகுடாக்களிலும் கழிவுநீர் விடுவது படிப்படியாக நிறுத்தப்பட வேண்டும். தாங்கள் விடும் நீரால் காயலின் நிலை மேம்படுகிறது என்று காட்டுபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விதியின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல காயல்கள் சாக்கடையால் நாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஹம்போல்ட் வட்டாரத்தில் அந்த விதி ஒரு பிரம்மாண்டமான திட்டமாக உருவெடுத்தது. 1975-இல் யுரேகா, ஆர்க்கேட்டா உள்ளிட்ட ஊர்களைச் சேர்த்து ஒரு கூட்டுக் கழிவுநீர் ஆணையம் அமைந்தது. எல்லா ஊர்களின் சாக்கடையையும் குழாய்களில் திரட்டி, ஒரே பெரிய நிலையத்தில் சுத்திகரித்து, மணல்திட்டைத் தாண்டிக் கடலில் விடுவது திட்டம். அதற்காகக் காயலின் அடியைக் குடைந்து குழாய் போக வேண்டும். மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் 5 கோடி டாலரைத் தாண்டியது.

ஆர்க்கேட்டாவில் எதிர்ப்பு கிளம்பியது. செலவு முதல் காரணம். இரண்டாவது, மூன்று புவித்தட்டுகள் முட்டிக்கொள்ளும் மென்டோசினோ முனைக்கு அருகில் இருக்கும் காயல் அது. அதன் அடியில் போகும் சாக்கடைக் குழாய் ஒரு பெரிய நிலநடுக்கத்தில் என்னாகும்? அந்தக் கேள்விக்கு நிலமே ஒருவகையில் பதில் சொன்னது. 1980 நவம்பரில் அந்தக் கடலோரத்தை 7-க்கும் மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் உலுக்கி, காயலின் தென்பக்கத்தில் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் பகுதியை விழச்செய்தது. மூன்றாவது, ஊர்களை இணைத்துப் பெருங்குழாய் போனால் அந்தக் குழாயைத் தொடர்ந்து வீட்டுமனைகளும் முளைக்கும், நடுவிலுள்ள விளைநிலம் போய்விடும் என்ற கவலை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு எண்ணமும் இருந்தது. கழிவுநீரிலுள்ள நீரும் சத்தும் செல்வம். அதைக் காசு செலவழித்துக் கடலில் கொட்டுவானேன்?

அந்த எண்ணம் ஆர்க்கேட்டாவுக்கு வெறும் கொள்கையாக வரவில்லை. ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன் 1970-களின் தொடக்கத்திலிருந்தே அதைக் குளத்தில் செய்துகொண்டிருந்தார். சுத்திகரித்த கழிவுநீரைக் காயலின் உப்புநீரோடு கலந்து அதில் சால்மன் குஞ்சுகளை வளர்த்தார். சத்துள்ள நீரில் நுண்ணுயிர்கள் பெருகின, அவற்றைத் தின்று குஞ்சுகள் வளர்ந்தன. பெரிதானதும் காயலில் விட்டார். கடலுக்குப் போய் வளர்ந்த மீன்களில் சில முட்டையிடத் திரும்பியும் வந்தன. கழிவுநீரில் மீன் வளர்ப்பது ஆசியாவுக்குப் புதிதில்லை. கல்கத்தாவின் கிழக்கே உள்ள பேரிகள் எனப்படும் மீன்குளங்கள் அந்த மாநகரத்தின் சாக்கடையை வாங்கிப் பல தலைமுறைகளாக ரோகுவும் கட்லாவும் விளைவிக்கின்றன. ஆனால் அமெரிக்க நகராட்சியொன்றின் கழிவுக் குளத்தில் சால்மன் வளர்ந்தது, அதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களின் மனத்தில் ஒன்றை மாற்றியது. தங்கள் ஊரின் கழிவுநீரை விஷமென்று நினைக்க அவர்களால் அதற்குப் பிறகு முடியவில்லை.

இன்னொருவர் அதே பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட். சதுப்புச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கலாம் என்ற ஆராய்ச்சி அப்போது உலகின் சில மூலைகளில் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் கேத்தே ஸீடல் 1950-களிலிருந்தே கோரையை வைத்துச் சோதனைகள் செய்து, சக அறிவியலாளர்களின் அவநம்பிக்கையை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மிசிசிப்பியில் நாசா நிறுவனத்தின் பில் வோல்வர்ட்டன், நம் ஏரிகளை மூடிக் கொல்லும் ஆகாயத்தாமரையை வைத்தே சாக்கடையைத் தெளியவைத்துக்கொண்டிருந்தார். கியர்ஹார்ட்டின் யோசனை இவற்றோடு ஒத்துப்போனது. ஆர்க்கேட்டாவிடம் ஏற்கெனவே குளங்கள் இருக்கின்றன. குளத்து நீரைக் கோரைச் சதுப்பு வழியாக மெல்ல ஓடவிட்டால் போதும். பேராசிரியர்கள் இருவரோடு நகராட்சியின் பொதுப்பணி இயக்குநர் ஃபிராங்க் கிளாப், நகர மன்ற உறுப்பினர் டான் ஹவுசர் ஆகியோர் சேர்ந்தார்கள். 1977-இல் நகராட்சி இவர்களைக் கொண்ட ஒரு பணிக்குழுவை அமைத்தது. மீன் தெரிந்தவர், நீர் தெரிந்தவர், குழாய் தெரிந்தவர், அரசியல் தெரிந்தவர் என நால்வர். இதில் ஒருவர் குறைந்திருந்தாலும் திட்டம் தேறியிருக்காது. பொறியாளர்களிடம் மட்டும் விட்டிருந்தால் நல்ல ஆய்வுக்கட்டுரையாக நின்றுபோயிருக்கும்.

மாநில வாரியம் முதலில் ஏற்கவில்லை. அதன் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. இயந்திர நிலையத்தில் எவ்வளவு காற்று செலுத்தினால் எவ்வளவு அழுக்கு போகும் என்று பாடப்புத்தகமே சொல்லும். கோரைக்கு அப்படிப் புத்தகம் ஏது? குளிர்காலத்தில் செடி வாடினால்? கனமழையில் நீர் பெருகினால்? ஆர்க்கேட்டா ஓயாமல் முறையிட்டது. 1979-இல் மூன்றாண்டுச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

குளங்களின் ஓரத்தில் நீளமான குறுகிய பாத்திகள் வெட்டி, சிலவற்றில் கோரை, சிலவற்றில் சம்பு என்று நட்டார்கள். ஒன்றில் நீர் ஆழம் கூட, இன்னொன்றில் குறைய; ஒன்றில் வேகமாக ஓட, இன்னொன்றில் நாள்கணக்கில் நிற்க. மாணவர்கள் பாத்தியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீர் மொண்டு சோதித்தார்கள். குளத்திலிருந்து பச்சையாக நுழைந்த நீர் மறுகோடியில் தெளிந்து வந்தது. காரணம் முதன்மையாக நிழல். கோரையும் சம்பும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும்போது அடியில் வெளிச்சம் விழாது. வெளிச்சமில்லாமல் பாசி செத்து அடியில் படிகிறது. நீருக்குள் மூழ்கிய ஒவ்வொரு தண்டின் மேலும் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். அது முழுக்க உயிருள்ள நுண்ணுயிர்கள். தண்டுகளுக்கிடையே நீர் நெளிந்து போகும்போது அவை மிச்சமிருக்கும் அழுக்கைப் பிடித்துத் தின்கின்றன. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜனைக் காற்றில் விடுகின்றன. சுத்திகரிப்பில் செடி நேரடியாக உறிஞ்சுவது கொஞ்சம்தான். செடி வீடு கட்டித் தருகிறது, வேலை செய்வது அதில் குடியிருப்பவை. சோதனை முடிந்தபோது, மூன்று ஆண்டுக் கணக்கும் நகராட்சியின் கையில் இருந்தது. அதுவரை வாதமாக இருந்தது அளவீடாக மாறியது.

இதற்கிடையில் நீர்முகப்பும் மாறிக்கொண்டிருந்தது. 1973-இல் மூடப்பட்ட குப்பைமேட்டை மண்ணிட்டு மூடினார்கள். மாநிலக் கடலோரப் பாதுகாப்பு அமைப்பின் நிதியுதவியோடு அதைச் சுற்றி மூன்று நன்னீர்ச் சதுப்புகளை உருவாக்கினார்கள். ஒன்று மரத்தடி அடுக்கிக் கெட்டுப்போன நிலம், ஒன்று புல்வெளி, மற்றொன்று குப்பைமேட்டை மூட மண் தோண்டிய பள்ளம். 1981 ஜூலை 4 அன்று இந்த இடம் பறவைகள் சரணாலயமாகத் திறந்துவைக்கப்பட்டது. சதுப்புகளுக்கு ஆலன், கியர்ஹார்ட், ஹவுசர் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து உப்புநீர் ஏரிக்குக் கிளாப் பெயர். பணிக்குழு நால்வரும் வரைபடத்தில் இடம்பிடித்துவிட்டார்கள்.

1983-இல் மாநிலம் ஒப்புக்கொண்டது. 1986-இல் அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. கூட்டு ஆணையத்தின் பெருந்திட்டம் கைவிடப்பட்டது. யுரேகா தனக்கென்று எல்க் ஆற்றங்கரையில் ஒரு நிலையம் கட்டி, 1984 முதல் முகத்துவாரத்துக்கு அருகே வற்றத்தின்போது நீரை விட்டு அது கடலோடு போகும்படி செய்துகொண்டது. காயலின் அடியைக் குடையும் குழாய் கடைசிவரை போடப்படவே இல்லை.

இப்போது ஆர்க்கேட்டாவில் ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் புரியும். முதலில் சல்லடை, பிறகு மணல் படியும் தொட்டி, பிறகு கசடு படியும் தொட்டி. கசடு தனியாகப் போய்ச் செரிமானக் கலனில் புளித்து, பின்னால் உரமாகிறது. நீர் ஆக்சிஜனேற்றக் குளங்களில் ஒரு மாத அளவுக்குத் தங்குகிறது. அங்கிருந்து சுத்திகரிப்புக்கென்றே உள்ள ஆறு சதுப்புகள். அதன்பின் கிருமிநீக்கம். அதற்கும் பிறகு சுமார் 30 ஏக்கர் பரப்புள்ள மூன்று சரணாலயச் சதுப்புகள். அமைப்பு கட்டப்பட்ட முறைப்படி, சரணாலயத்தைக் கடந்த நீர் மறுபடியும் நிலையத்துக்கே வந்து இன்னொரு முறை கிருமிநீக்கம் பெற்றுத்தான் காயலில் விழுந்தது. ஏன் இரண்டாம் முறை? சரணாலயத்தில் பறவைகள் இருக்கின்றன. அவற்றின் எச்சத்திலும் பாக்டீரியா உண்டு. மனிதக் கழிவைத் தெளியவைத்த நீரில் பறவைகள் தங்கள் பங்கைச் சேர்த்துவிடுகின்றன, அதையும் நீக்காமல் சிப்பி வளரும் காயலில் விட முடியாது. வறண்ட பருவத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 87 லட்சம் லிட்டர் நீருக்காக வடிவமைக்கப்பட்ட பாதை இது.

சிப்பி வளர்ப்போர்தான் இந்த அமைப்புக்கு மிகக் கண்டிப்பான தேர்வாளர்கள். ஒரு சிப்பி நாள் முழுதும் நீரை உறிஞ்சி வடிகட்டியே உயிர்வாழ்கிறது. நீரில் எது இருந்தாலும் அதன் உடலில் சேரும். அமெரிக்கர்கள் அதைப் பச்சையாகவே உண்பார்கள். காயலில் கனமழை பெய்தால் சில நாள்களுக்குச் சிப்பி அறுவடை நிறுத்தப்படுகிறது. தெருக்களிலிருந்தும் மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் மழைநீர் அள்ளிவரும் அழுக்கு அதற்கு முக்கியக் காரணம். சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மாட்டுச்சாணத்தையும் தெருவழுக்கையும் அது தடுக்க முடியாது. காயலைக் காப்பது ஒரு நிலையத்தின் வேலையோடு முடிவதில்லை என்பதை ஆர்க்கேட்டாவின் சிப்பிக்காரர்கள் ஒவ்வொரு மாரியிலும் பார்க்கிறார்கள்.

1987-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வழங்கிய நல்லாட்சிப் புதுமை விருது ஆர்க்கேட்டாவுக்குக் கிடைத்தது. ஒரு லட்சம் டாலர் பரிசு. அதன்பின் உலகமெங்குமிருந்து பொறியாளர்களும் நகராட்சி உறுப்பினர்களும் வரத் தொடங்கினார்கள். பறவை பார்ப்போர் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. நீர்நாய்கள் குளத்துக் கரையில் வெயில் காய்கின்றன. ஊர்க்காரர்கள் காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் இடமே ஊரின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம். இதைவிடப் பெரிய மாற்றம் எந்த விருதிலும் இல்லை. எங்கும் மதில் கட்டி மறைக்கும் ஒன்றை, மக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும் இடமாக அது ஆக்கியது.

ஆனாலும் இதை எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஆயிரம் குடும்பங்களின் கழிவுநீருக்குக் குளமும் சதுப்புமாகச் சேர்த்து ஏறக்குறைய நூறு ஏக்கர் தேவைப்பட்டிருக்கிறது. ஆர்க்கேட்டாவிடம் அந்த நிலம் இருந்தது, அதுவும் யாரும் விலைக்குக் கேட்காத நிலம். நில விலை ஏறிய மாநகரத்தில் இது நடக்காது. அத்தோடு, தொழிற்சாலைக் கழிவு கலக்காத வீட்டுச் சாக்கடை என்பதும் பெரிய வசதி. கனஉலோகம் கலந்த நீரைப் பறவைகளின் சரணாலயத்தில் விடுவது அவற்றுக்கு விஷம் வைப்பதற்குச் சமம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கோரை நட்டுவிட்டுப் பலகை மாட்டிக்கொண்ட ஊர்கள் ஏமாந்துதான் போகும்.

தானாக ஓடும் அமைப்பு என்ற நினைப்பும் தவறு. வல்லாரை இலையைப் போன்ற இலையுடைய ஒரு மிதவைச் செடி, சதுப்பின் நீர்ப்பரப்பை மெத்தைபோல மூடிவிடும். அதை அடிக்கடி அகற்ற வேண்டும். செத்த தண்டுகள் ஆண்டுதோறும் அடியில் சேர்ந்து ஆழத்தைக் குறைக்கும். குளங்களிலும் கசடு படிந்து கொள்ளளவு சுருங்கும். மாரிக்காலத்தில் பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல்கள் வழியாக நிலத்தடி நீரும் மழைநீரும் புகுந்து, நிலையத்துக்கு வரும் நீரின் அளவு பல மடங்காகிவிடும். சதுப்பு எவ்வளவு நல்லதானாலும், நீர் அதில் தங்கும் நேரம் குறைந்தால் அதன் வேலையும் குறையும். விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன. 1980-களில் யாரும் அதிகம் கேட்காத அம்மோனியாவை இப்போது அளக்கிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும்போது உண்டாக்கும் துணைவேதிப்பொருள்களையும் அளக்கிறார்கள். அதனால்தான் குளோரினை விட்டுப் புற ஊதாக் கதிரால் கிருமிநீக்கம் செய்வதற்கும், பழைய தொட்டிகளையும் பம்புகளையும் புதுப்பிப்பதற்கும் பல கோடி டாலர் செலவிலான வேலையை நகராட்சி அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொண்டிருக்கிறது. சிக்கனமான வழியென்று தேர்ந்தெடுத்ததும் நாற்பது ஆண்டுகளில் பெரும் செலவு கேட்கிறது. முன்னோர்கள் நல்ல முடிவெடுத்தார்கள் என்பதற்காகப் பின்வருவோரின் கட்டண ரசீது குறைந்துவிடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் கடலிலிருந்து வருகிறது. ஹம்போல்ட் காயலின் தரை, புவித்தட்டுகளின் அசைவால் மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டமோ உயர்கிறது. இரண்டும் சேர்வதால், கலிபோர்னியாவிலேயே கடல்நீர் நிலத்தை நோக்கி மிக வேகமாக ஏறும் இடமாக இந்தக் காயல் ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். சுத்திகரிப்பு நிலையம், குளங்கள், சதுப்புகள், மூடிய குப்பைமேடு எல்லாமே முன்பு காயலாக இருந்து மண்ணணையால் பிடுங்கப்பட்ட தாழ்நிலத்தில் இருக்கின்றன. குளிர்காலத்துப் பெரும் ஏற்றங்களின்போது நீர் அணைகளின் விளிம்பை நெருங்குகிறது. அணையை உயர்த்திக்கொண்டே போவதா, அணைக்கு வெளியே புது உப்புச் சதுப்பை வளர்த்து அலையின் வேகத்தை அதில் அடக்குவதா, காலப்போக்கில் நிலையத்தையே மேட்டுக்கு மாற்றுவதா என்று ஊர் விவாதிக்கிறது. ஊரின் ஒரு பகுதி, இப்போது செலவிடும் கோடிகள் தண்ணீருக்குள் போய்விடுமே என்று கேட்கிறது. மறுபகுதி, மேட்டில் அவ்வளவு ஏக்கர் எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்கிறது. கட்டப்படும் புதுப்பித்தல் வேலைகள் சில பத்தாண்டுகளுக்குத் தாங்கும் என்ற கணக்கில் நடக்கின்றன. அதற்குள் அடுத்த இடத்தைத் தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு, 1977-இல் பணிக்குழு அமைத்த அதே நகர மன்றத்திடம் இருக்கிறது.